ரெண்டாம் முகம்

ஜூன் 3

அளக்கிற அத்தைக்கு, அளந்து விடுகிற வாலு எழுதுவது.

இங்கே நான், என் இடது கால், காலைச் சுற்றி மாட்டிய இரும்பு வளையங்கள் எல்லாரும் சுகம். அங்கே நீங்களும் உங்கள் முதுகுவலியும் சுகமா?

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று யோசிப்பீர்கள். போன் கைதாகிவிட்டது. பெரிய சிஸ்டரின் மேஜை இழுப்பறைக்குள் கம்பி எண்ணிக்கொண்டிருக்கிறது. செய்த குற்றம் ரொம்பச் சின்னது. ஆபரேஷன் முடிந்து வருகிறவர்களுக்கு இதயத்துடிப்பைக் காட்டுகிற மெஷின் மாட்டுவார்கள் இல்லையா, ஆபத்து என்றால் அது ஒரு மாதிரி கத்தும். அந்தக் கத்தலைப் பதிவு செய்து ரிங்டோனாக வைத்திருந்தேன். அன்றைக்குப் பார்த்து நீங்கள் கூப்பிட்டீர்கள். நர்ஸ்கள், டாக்டர், ஆக்ஸிஜன் சிலிண்டர் எல்லாம் ஓடி வந்தார்கள். கூப்பிட்டது நீங்கள் என்பதால் பாதிக் குற்றம் உங்களுடையது.

கால் செய்தி. குட்டைக் காலின் எலும்பை வெட்டியாகிவிட்டது. இனிமேல் தினமும் வளையத்திலுள்ள நட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி, எலும்பை இழுத்து வளர்ப்பார்கள். திருப்ப வருகிற பிசியோதெரபிக்காரருக்கு ஸ்பானர் அண்ணன் என்று பெயர் வைத்திருக்கிறேன். ஊரில் சிலருக்குக் கை நீளம். எனக்குக் கால் நீளப் போகிறது.

முக்கியமான விஷயம் இதுதான். ஜூலை கடைசியில் பள்ளிகளுக்கான நாடகப் போட்டி. நாடகம் நான் எழுதியது, ராஜாவும் நான்தான். எழுந்தால் பதவி போய்விடும் என்ற பயத்தில் சிம்மாசனத்தை விட்டு எழுந்திருக்கவே எழுந்திருக்காத ராஜா. அங்கிக்குக் கீழே வளையம் இருப்பது ஒருத்தருக்கும் தெரியாது. எப்படி என் மூளை? எலும்பு டாக்டரிடம் கேட்டதற்கு, தினமும் சாயங்காலம் காட்டச் சொல்கிற முக அட்டையில் தொடர்ந்து நல்ல முகமாகவே வந்தால் அதற்குள் வீட்டுக்கு அனுப்புவதைப் பற்றி யோசிக்கலாம் என்றார்.

அட்டையின் மூலையில் உங்கள் ஆராய்ச்சி நிலையத்தின் முத்திரை. செய்தது நீங்கள்தானாமே. என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லையே அத்தை.

வளர்ந்து வரும்,
வாலு

---

ஜூன் 12

கம்பி எண்ணும் போனின் சொந்தக்காரிக்கு,

முதுகுவலி சுகமாக இருக்கிறது. நான்தான் சுகமாக இல்லை. நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்தால் உன் ராஜாவுக்கும் இதே கதிதான், எழுதி வைத்துக்கொள்.

அன்றைக்கு என் போனை எடுத்து மூச்சு வாங்கிக்கொண்டே ஒரு நர்ஸ் "யாரும்மா நீங்க?" என்று அதட்டியதன் அர்த்தம் இப்போதுதான் புரிந்தது.

அட்டையைச் செய்தது நான்தான். சொல்லாததற்குக் காரணம், சொன்னால் நீ அதற்கு மீசை வரைவாய். வெட்டிய இடம் ஆறிவிட்டதா என்று டாக்டர் பார்த்தே சொல்லிவிடுவார். பிள்ளை தேறிவிட்டதா என்பதை எதை வைத்துச் சொல்வது? பெரியவர்களைக் கேட்டால் அவரவர் கவலையைத்தான் சொல்கிறார்கள். அதனால் பிள்ளையையே கேட்போம் என்று வரிசையாக முகங்கள் போட்டேன். சிரிக்கிற முதல் முகத்தில் ஆரம்பித்து அழுகிற அஞ்சாம் முகம் வரை. பல ஆஸ்பத்திரிகளில் சோதனை நடக்கிறது. ஆகஸ்டில் ஒரு பெரிய குழு கூடி, இதை எல்லாக் குழந்தைகள் வார்டுக்கும் கொடுக்கலாமா என்று முடிவு செய்யும். என் இத்தனை வருஷ உழைப்பு அது.

எனக்கு ஒரு உதவி செய். பிள்ளைகளுக்கு அட்டை புரிகிறதா என்று கவனித்து எழுது. மீசை மட்டும் வேண்டாம்.

கால் எப்படி? உண்மையைச் சொல்.

அன்புடன்,
அத்தை

---

ஜூன் 20

உளவாளி வாலுவிடமிருந்து தலைமையகத்துக்கு.

உங்கள் முதுகுக்கு என் அனுதாபம். என் காலுக்கு உங்கள் வாழ்த்து வந்து சேர்ந்தது. இருவரும் நலம்.

புரிகிறதா என்று கேட்டீர்கள். அத்தை, அளவுக்கு மேலே புரிகிறது. எதிர்ப் படுக்கையில் பட்டாணி என்று ஒருவன். அவ்வளவுதான் இருப்பான், தொடையில் ஆபரேஷன். வந்த புதிதில் நேர்மையாக அஞ்சாம் முகத்தைத் தொட்டான். பின்னாலேயே ஊசி வந்தது. மறுநாள் உஷாராகி முதல் முகத்தைத் தொட்டான். "அடப் பொய்யா" என்று சிரித்துக்கொண்டே சிஸ்டர் காலை அமுக்கிப் பார்த்தார், கத்திவிட்டான், மறுபடி ஊசி. அழுகிற முகம் என்றால் ஊசி, ரொம்பச் சிரித்தால் சந்தேகம். நடுவிலே வாயைக் கோடாக வைத்திருக்கிற மூன்றாம் முகத்தைத் தொட்டால் "ஏன் கண்ணு ஒரு மாதிரி இருக்கே" என்று தொணதொணப்பு. மிச்சம் என்ன இருக்கிறது என்று நீங்களே பாருங்கள்.

பட்டாணி இப்போது என்னிடம் டியூஷன் படிக்கிறான். அவனைப் பார்த்து மற்ற வாண்டுகளும் சேர்ந்துவிட்டார்கள். சாயங்காலம் சிஸ்டர் வருவதற்கு முன்னால் வகுப்பு. என்ன பாடம் என்று கேட்கக் கூடாது, வாத்தியார் ரகசியம்.

எனக்கு இன்னொரு பதவி உயர்வு. வளையத்துக் கம்பி தோலுக்குள் நுழைகிற இடங்களை நானே சுத்தம் செய்து கட்டுப் போட ஸ்பானர் அண்ணன் கற்றுக் கொடுத்துவிட்டார். இனிமேல் என் காலுக்கு நானே நர்ஸ். நானே நோயாளி. யாரோடு சண்டை போடுவது என்றுதான் தெரியவில்லை.

சல்யூட்டுடன் (உட்கார்ந்தபடி),
வாலு

---

ஜூலை 2

என் அருமை உளவாளிக்கு,

உடம்பு, முதுகு, வீடு எல்லாம் அப்படியே இருக்கட்டும். எனக்கு இன்றைக்குத் தரையில் கால் பாவவில்லை.

உன் வார்டின் கணக்கு வந்தது. எல்லாரும் ரெண்டாம் முகம். தொடை, இடுப்பு, முட்டி என்று என்ன ஆபரேஷனாக இருந்தாலும் சரி, கொஞ்ச நாளில் ரெண்டாம் முகத்துக்கு வந்து அப்படியே நிற்கிறார்கள். மற்ற ஊர்களில் எல்லாம் கோடு மலை ஏறி இறங்குகிறது. உன் வார்டில் மட்டும் ரயில் தண்டவாளம் மாதிரி போகிறது. ஆபீஸில் அந்தத் தாளை எடுத்துக்கொண்டு மேஜை மேஜையாக ஓடினேன். எங்கள் இயக்குநர் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தார். அவர் கோப்பையைக் கீழே வைப்பது சாதாரண விஷயம் இல்லை. அங்கே பிள்ளைகளைக் கவனிக்கிற முறையில் ஏதோ விசேஷம் இருக்கிறது, ஆகஸ்ட் கூட்டத்தில் அந்த வார்டைத்தான் முன்னால் வைக்க வேண்டும் என்கிறார்.

பட்டாணிக்கு டியூஷன் எடுக்கிறாயாமே. கணக்கா? நல்ல பழக்கம்.

உன் பெயருக்கு நேரேயும் ரெண்டாம் முகம்தான். ராஜா சீக்கிரம் சிம்மாசனம் ஏறுவார் போலிருக்கிறது. பெருமையாக இருக்கிறது கண்ணு.

குதிக்கிற வயசில்லாமல் குதிக்கும்,
அத்தை

---

ஜூலை 9

அத்தைக்கு,

நலம். நீங்களும் அப்படியே இருங்கள்.

நாடகக் கூட்டம் ஞாயிற்றுக்கிழமை இங்கேயே ஒத்திகைக்கு வந்தது. தளபதி வேஷக்காரி குளுக்கோஸ் மாட்டுகிற கம்பத்தை ஈட்டியாகப் பிடித்துக்கொண்டு வீரவசனம் பேசினாள். பெரிய சிஸ்டர் ஈட்டியைப் பறிமுதல் செய்தார். பட்டாணி கைதட்டிக்கொண்டே கட்டிலிலிருந்து விழப் பார்த்தான். டாக்டர் ஓரமாக நின்று பார்த்துவிட்டு, அட்டை இப்படியே போனால் போட்டிக்கு முந்தின வாரம் அனுப்பிவிடுகிறேன் என்றார். சத்தியமாகச் சொன்னார்.

உங்கள் கணக்கைப் பற்றி எழுதியிருந்தீர்கள். படித்தேன். இயக்குநர் கோப்பையைத் திரும்ப எடுத்தாரா?

ஒரு சந்தேகம், சும்மா பொது அறிவுக்காக. புதுத் தோல் வளர்கிறபோது ஓரமெல்லாம் சிவந்து, தொட்டால் சுடுகிற மாதிரி இருப்பது சகஜம்தானே? ஒரு தோழி கேட்கச் சொன்னாள். பதில் எழுத வேண்டும் என்று அவசியம் இல்லை.

வாலு

---

ஜூலை 15

அன்புள்ள அத்தைக்கு,

நான் நலமாக இருக்கிறேன். கால் நன்றாக இருக்கிறது. அம்மாவும் அப்பாவும் தினமும் வருகிறார்கள். நாடகம் அடுத்த வாரக் கடைசியில். சாப்பாடு நன்றாக இருக்கிறது. நீங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளவும்.

இப்படிக்கு

---

ஜூலை 18

வாலுவுக்கு,

உன் கடிதங்களை மேஜைமேல் வரிசையாகப் பரப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். அளக்கிறவள் அல்லவா, வேறு என்ன செய்வேன்.

முதல் கடிதத்தில் மூச்சு விடாமல் கிண்டல். அடுத்ததிலும் அப்படியே. ஒன்பதாம் தேதிக் கடிதத்தில் சிரிப்பெல்லாம் முதல் பாதியோடு நின்றுவிட்டது, கடைசியில் ஒரு தோழி வருகிறாள். பதினைந்தாம் தேதிக் கடிதத்தில் ஒரு கிண்டல் இல்லை, எவர்மேலும் ஒரு புகார் இல்லை. கையெழுத்துப் போடவும் மறந்திருக்கிறாய். ஆஸ்பத்திரிச் சாப்பாடு நன்றாக இருக்கிறது என்று வேறு எழுதியிருக்கிறாய். அந்த ஒரு வரிதான் என்னை எழுந்து உட்கார வைத்தது.

உடனே கணக்கை எடுத்துப் பார்த்தேன். அன்றைக்கும் உன் பெயருக்கு நேரே ரெண்டாம் முகம். என் அட்டை ஒன்று சொல்கிறது, உன் கடிதம் வேறு சொல்கிறது. நான் கடிதத்தை நம்பினேன்.

பெரிய சிஸ்டருக்குப் போன் செய்துவிட்டேன். இது உன் கைக்கு வரும்போது அவர் உன் கட்டைப் பிரித்துப் பார்த்திருப்பார். நாடகம் என்ன ஆகும் என்று தெரிந்தேதான் செய்தேன். எவ்வளவு கோபம் வேண்டுமானாலும் படு, காலோடு இருந்து படு.

அத்தை

---

ஜூலை 23

அத்தைக்கு,

என் நலம் உங்களுக்கு என்னைவிட முன்னாலேயே தெரிந்துவிடுவதால் அதை எழுதவில்லை.

பிரித்தார்கள். கணுக்காலுக்கு மேலே இரண்டு கம்பி நுழைகிற இடத்திலும் சீழ். இன்னும் ஒரு வாரம் விட்டிருந்தால் எலும்புக்குள் இறங்கியிருக்கும், வளையத்தையே கழற்ற வேண்டி வந்திருக்கும் என்று டாக்டர் சொன்னார். எல்லாருக்கும் முன்னால் சொன்னார். திருப்புவதை நிறுத்திவிட்டார்கள். நரம்பில் மருந்து ஏறுகிறது. ஸ்பானர் அண்ணன் திட்டவில்லை, ஸ்பானரைப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார். அம்மா அழுதாள். நாடகம் போச்சு. தளபதிதான் ராஜாவாம்.

எனக்குத் தெரியாதா அத்தை வலிக்கிறது என்று? ஒரு வாரம் பல்லைக் கடித்திருந்தால் சிம்மாசனத்தில் உட்கார்ந்திருப்பேன். உங்களிடம்தானே எழுதினேன், பெரிய சிஸ்டரிடமா எழுதினேன்?

நீங்கள் என் நாடகத்தைக் கெடுத்தீர்கள், நானும் உங்களுக்கு ஒன்று தருகிறேன். தண்டவாளம் மாதிரி போகிறதே ஒரு கோடு, அது என் கோடு. டியூஷனில் சொல்லிக் கொடுத்தது கணக்கு இல்லை, ரெண்டாம் முகம். முதல் முகத்தை நம்ப மாட்டார்கள், ரெண்டாவதை நம்புவார்கள் என்று வார்டில் உள்ள ஒவ்வொரு வாண்டுக்கும் விரலைப் பிடித்துப் பழக்கியிருக்கிறேன். தூக்கத்தில் கேட்டாலும் சரியாகத் தொடுவார்கள். கொண்டுபோய்க் கூட்டத்தில் காட்டுங்கள்.

வாலு

---

ஆகஸ்ட் 6

வாலுவுக்கு,

காய்ச்சல் இறங்கிவிட்டது, எலும்பு தப்பித்தது என்று உன் அப்பா சொன்னான். அண்ணன் என்று பார்க்காமல் போனிலேயே இரண்டு தரம் சொல்ல வைத்துக் கேட்டேன்.

உன் கடிதத்தை ஆபீஸில் நின்றபடியே படித்தேன். பிறகு கீழே இறங்கிப் போய், கட்டிடத்தைச் சுற்றி நடந்துவிட்டு வந்து மறுபடி படித்தேன். இரண்டாம் தடவை படித்தபோது சிரிப்பு வந்துவிட்டது. வருஷக்கணக்காகப் படித்தவர்கள் கூடி உட்கார்ந்து செய்த அட்டையை ஒரு வார்டு வாண்டுகள் ஒரே வாரத்தில் படித்து முடித்துவிட்டார்கள். அதை உன் ஜூன் கடிதமே எனக்குச் சொன்னது. ஊசி, சந்தேகம், தொணதொணப்பு என்று வரிசையாக எழுதி, மிச்சத்தை நீங்களே பாருங்கள் என்றாய். நான் பார்க்கவில்லை. அழகான கோடு கிடைத்ததும் எனக்குக் கண் தெரியாமல் போய்விட்டது.

கூட்டத்துக்குப் போனேன். அட்டையைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன் என்று சொல்லி, ஏன் என்பதையும் சொன்னேன். இயக்குநருக்கு முகம் நாலாம் முகமாகிவிட்டது. உன்மேல் பழி போடவில்லை, உண்மையிலேயே உன்மேல் பழி இல்லை. வலிக்கிறது என்று சொன்னால் குத்துவோம், இல்லை என்றால் வீட்டுக்கு அனுப்புவோம் என்று வைத்துவிட்டுப் பிள்ளைகளிடம் உண்மையை எதிர்பார்த்தது நான்தான்.

செப்டம்பரில் இன்னொரு வாய்ப்புத் தருகிறார்கள். புது வழியோடு வந்தால் சோதனை தொடரலாம், இல்லாவிட்டால் மூட்டை கட்டிவிடுவார்கள். அதனால் கேட்கிறேன். ஒரு பிள்ளை தேறுகிறது என்று உனக்கு எதை வைத்துத் தெரிகிறது? அத்தைக்காக வேண்டாம், ஆராய்ச்சிக்காகச் சொல்.

கோபம் மிச்சம் இருந்தால் அதையும் சேர்த்தே அனுப்பு.

அத்தை

---

ஆகஸ்ட் 17

மூட்டை கட்டக் கூடாத அத்தைக்கு,

கோபம் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது, அதைத் தனியாக எடுத்து வைத்திருக்கிறேன். முதலில் நாடகம். தளபதி ராஜாவாக நடித்தாள். பாதியில் கைதட்டல் வந்ததும் பூரித்துப்போய் எழுந்து நின்று கும்பிட்டுவிட்டாளாம். எழுந்தால் பதவி போய்விடும் என்று கதை, ராஜாவே எழுந்து கும்பிட்டால்? மூன்றாம் பரிசு. நான் மட்டும் இருந்திருந்தால் எழுந்திருக்கவே மாட்டேன். கேட்டுவிட்டு ஒரு நாள் முழுக்கச் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தேன். மறுநாள் சிரித்துவிட்டேன்.

இப்போது ஆராய்ச்சி. இதை எழுத மூன்று நாளாகக் கை துறுதுறுக்கிறது. அத்தை, வலி இருக்கிற பிள்ளை நல்ல பிள்ளையாக இருக்கும். சொன்னதைக் கேட்கும், எதுவும் வேண்டும் என்று கேட்காது. பட்டாணி போன மாதம் தங்கமான பையன். இந்த வாரம் சக்கர நாற்காலி தனக்குத்தான் என்று பக்கத்துப் படுக்கைக்காரியின் தலைமுடியைப் பிடித்து இழுத்தான். டாக்டர் எக்ஸ்ரே பார்த்து எலும்பு கூடிவிட்டது என்று சொன்னது அதற்கு அடுத்த நாள்தான். அவருக்கு முன்னால் எனக்குத் தெரியும். அதனால் வலிக்கிறதா என்று கேட்காதீர்கள். இன்றைக்கு யாரோடு சண்டை, எதற்கு அடம், யாரை ஏமாற்றினாய் என்று கேளுங்கள். இன்னொன்று, கேட்கிறவர் கையில் ஊசி இருக்கக் கூடாது. ஊசி போடுகிறவரிடம் போய்ச் சொல்கிறவராகக்கூட இருக்கக் கூடாது.

டியூஷனை மூடிவிட்டேன். மாணவர்களிடம் பாடத்திட்டம் மாறிவிட்டது என்று சொல்லியிருக்கிறேன். இங்கிருந்து இன்னும் எடுத்துப் போகாத உங்கள் அட்டையில் நேற்று நானே நாலாம் முகத்தைத் தொட்டேன். ஊசி வரவில்லை. ஸ்பானர் அண்ணன் வந்து, நட்டை மறுபடி திருப்ப ஆரம்பித்தது கொஞ்சம் வேகம் போலிருக்கிறது என்று குறைத்தார். இவ்வளவுதானா என்று இருந்தது.

வாக்கரின் கைப்பிடியை விட்டுவிட்டு நில் என்று அண்ணன் ஒரு பாடாய்ப் படுத்துகிறார். பயம் என்று அவரிடம் சொல்ல மாட்டேன். உங்களிடம் சொல்கிறேன், இந்தத் தடவை போன் செய்யக் கூடாது.

வருகிறேன் என்று அப்பாவிடம் சொன்னீர்களாமே. வாருங்கள். பட்டாணிக்கு உங்கள்மேல் ஊசிக் கணக்கு ஒன்று பாக்கி இருக்கிறது.

ஆராய்ச்சி உதவியாளர்,
வாலு

---

செப்டம்பர் 11

கொலைகாரிக்கு,

நான் சுகமாக ஊர் வந்து சேர்ந்தேன். சுகமாக என்றால், வயிறு காய்ந்து, மானம் போய், சந்தோஷமாக.

உங்களையெல்லாம் பார்த்துவிட்டு நேரே லிப்டில் ஏறி மேல்மாடிக்குக் கூட்டத்துக்குப் போனேனா. குழு உங்கள் ஆஸ்பத்திரிக்கே வந்திருக்கிறது, நல்ல சகுனம் என்று நினைத்துக்கொண்டு போனேன். டீ கொண்டு வந்தவர் என் பின்னாலிருந்து வந்து, என்னைத் தாண்டிப் பக்கத்து ஆளுக்குக் கொடுத்தார். பிஸ்கட்டும் அப்படியே தாண்டியது. கேட்டபோது, பரிதாபமாகப் பார்த்து, "ஆபரேஷன் முடியட்டும் மேடம்" என்றார். அட்டை போனதற்காகக் கிண்டல் செய்கிறார்கள் என்றுகூட நினைத்தேன். பேச எழுந்து, நீ சொன்னதையெல்லாம் பலகையில் எழுதத் திரும்பினேன். பின்னால் கிசுகிசு. அப்புறம் இயக்குநர் சிரிக்கிற சத்தம். இத்தனை வருஷத்தில் நான் அதைக் கேட்டதில்லை.

குழுவின் தலைவர் அம்மாள் எழுந்து வந்து, ஆபரேஷனுக்கு முன்னால் கட்டிலில் ஒட்டுகிற தாள் ஒன்றை என் முதுகிலிருந்து பிய்த்து எடுத்து உரக்கப் படித்தார்: ஆபரேஷனுக்குத் தயார், வாய்வழியாக எதுவும் கொடுக்கக் கூடாது.

அந்தத் தாளை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். வெட்கத்தால் இல்லை. பட்டாணி என்னைக் குனிய வைத்துக் காதில் ஏதோ கதை சொன்னானே, அப்போதுதான் ஒட்டியிருக்கிறாய். நான் குனிந்தாலும் என் தோள்பட்டை உயரம் நீ உட்கார்ந்திருந்த சக்கர நாற்காலியிலிருந்து எட்டாது. நாலு மூலைக்கும் பிளாஸ்டர் ஒட்ட ரெண்டு கையும் வேண்டும். கைப்பிடியை விடப் பயம் என்று எழுதியவள், எதையும் பிடிக்காமல், சத்தம் போடாமல், என் பின்னால் நின்றிருக்கிறாய்.

இதைத்தான் குழுவிடம் சொன்னேன். எழுதிக்கொண்டு போன பேச்சை எடுக்கவே இல்லை. இந்தப் பிள்ளை நின்றுவிட்டாள், இது எந்த அட்டையிலும் வராது, இப்படிப்பட்டதைப் பார்த்துச் சொல்ல ஒரு வழி செய்யத்தான் நேரம் கேட்கிறேன் என்றேன். ஸ்பானர் அண்ணனைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். அவர் நம்பவில்லை, கீழே ஓடினார்.

அனுமதி கிடைத்துவிட்டது. டீ கடைசி வரை கிடைக்கவில்லை.

அன்புடன்,
பட்டினி அத்தை